ஆள் ஒன்று, முட்டி அளவு

எண்ணூர் கழிமுகத்துக்கு எப்படிப் போவது, எந்த மணிக்குப் போவது, எங்கே நிற்பது என்று எங்கள் பறவை பார்க்கும் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள். நானும் சலிக்காமல் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி போகிற மின்சார ரயிலில் விடியற்காலை வண்டியைப் பிடித்து எண்ணூரில் இறங்குங்கள், தவறவிட்டால் திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோ, ஆனால் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் நீங்கள் போய்ச் சேரும்போது பறவைகள் வேறு ஊருக்குப் போயிருக்கும். தண்ணீர் பாட்டில், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கரையை விட்டுச் சேற்றில் இறங்காதீர்கள். இந்தக் கடைசி வரிக்கு மட்டும் ஏன் என்று கேட்கிறார்கள். சேறு ஆபத்து என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அது பாதி உண்மை. மீதியை இப்போது சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்த மாதிரி விஷயங்களுக்குக் காது கொடுக்கிற ஆள் இல்லை. ராயபுரத்தில் பாத்திர மொத்த வியாபாரம், அப்பா திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து போட்ட கடை. எங்கள் கோயிலில் பிசாசு ஓட்டும் ஜெபக்கூட்டம் என்று வெளியூர்ப் போதகர் யாராவது வந்தால் என் மனைவி முதல் வரிசையில் முழங்கால் போட்டிருப்பாள், நான் வெளியே டீக்கடையில் இருப்பேன். பொருளை எடுத்துக் காட்டு, பிறகு விலை பேசலாம் என்று வளர்ந்தவன். பறவை விஷயத்திலும் அப்படித்தான், பார்த்தேன் என்று யாராவது சொன்னால் படம் எங்கே என்பேன். இந்தக் குணம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்று இப்போது தோன்றுகிறது.

என் கூட்டாளி கௌதமன். வியாசர்பாடிக்காரன், துறைமுகத்துக்குப் போகிற லாரிகளை எடை போடும் ஓர் எடைமேடையில் வேலை, என்னைவிடப் பத்து வயது சின்னவன். காசிமேட்டில் ஒருநாள் காலையில் நான் பைனாகுலரை வைத்து ஆலாப் பறவைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் வந்து, "இன்னா அண்ணாச்சி, அந்த மூக்கு மஞ்சளாக் கீறது வேற ஜாதியா?" என்று கேட்டான். அது வேறு ஜாதிதான், நான் கவனிக்கவே இல்லை. அன்றிலிருந்து ஏழெட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து போகிறோம். பேச்சில் இரண்டு வார்த்தைக்கு ஓர் அண்ணாச்சி வைப்பான். கண் என்றால் அவன் கண்தான்.

குளிர்காலத்தில் கழிமுகத்துக்கு வருகிற பறவைகளை எண்ணி எழுதுவது எங்கள் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நாங்களாக எடுத்துக்கொண்டது. முதலில் இரண்டு பேரும் பார்ப்போம், இரண்டு பேரும் எண்ணுவோம், அவன் இருநூறு என்பான், நான் நூற்றைம்பது என்பேன், நோட்டு என் கையில் இருப்பதால் நூற்றைம்பது என்று எழுதிவிடுவேன். ஒருநாள் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாக்கறவன் எழுதக் கூடாது அண்ணாச்சி, எழுதறவன் பாக்கக் கூடாது" என்று சட்டம் போட்டான். அன்றிலிருந்து அவன் முக்காலியில் வைத்த ஸ்கோப்பில், அதாவது ஒற்றைக்கண் தொலைநோக்கியில், சேற்றுவெளியைப் பார்த்து எண்ணிக்கையைச் சொல்லுவான். நான் பத்தடி தள்ளிக் கவிழ்த்துப் போட்ட வாளியில், சேற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதுவேன். திரும்பக் கூடாது, எதிர்க்கேள்வி கூடாது. காதில் விழுந்தது என்பதற்கு ஒவ்வொரு வரிக்கும் உம் கொட்ட வேண்டும், அவ்வளவுதான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் பறவை, பிறகு எண்ணிக்கை, பிறகு எவ்வளவு தண்ணீரில் நிற்கிறது என்பது. கணுக்கால் அளவு, முட்டி அளவு, வயிறு அளவு. பக்கத்தில் நான் மணி போடுவேன். எந்த நேரத்தில் தண்ணீர் ஏறிப் பறவைகள் கரைக்கு அருகில் வரும் என்று உங்களுக்கெல்லாம் நான் சொல்கிறேனே, அது இப்படி எழுதி எழுதிச் சேர்த்த விவரம். ஆள், நாய், படகு கண்ணில் பட்டால் அதையும் சொல்லுவான், ஏனென்றால் அவற்றைக் கண்டு பறவைகள் கிளம்பிவிட்டால் எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம் தெரிய வேண்டும்.

நான் சொல்லப்போகிற வருஷத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல், கௌதமன் தனியாகப் போனான். வந்து நண்டுண்ணி பார்த்தேன் என்று குழுவில் போட்டான். நண்டைப் பிடித்துத் தின்கிற, வெள்ளையும் கறுப்புமான பெரிய கடற்பறவை அது. ராமேஸ்வரம் பக்கம் தெரியும், எண்ணூரில் பார்த்ததாக எங்கள் குழுவில் யாரும் சொன்னதில்லை. படம் கேட்டார்கள், அவனிடம் இல்லை. அது கோணமூக்கு உள்ளானாக இருக்கும், அதுவும் வெள்ளை கறுப்புத்தான் என்று குழுவில் முதலில் எழுதியது வேறு யாரும் இல்லை, நான்தான். பிறகு ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்கள். அவன் ஒரு பதிலும் போடவில்லை. ஆனால் அடுத்த மாதமே தவணைக்கு ஒரு கேமரா வாங்கினான், எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

இனி அந்தக் காலை. ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை, நன்றாக விடிந்துவிட்டது. நான் மேற்கே சாலையையும் புகைபோக்கிகளையும் பார்த்து வாளியில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குப் பின்னால் கௌதமன், அவனுக்கு முன்னால் சேறு. தரைக்காற்று என் முகத்தில் அடித்துச் சேற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, சேற்றில் தூரத்தில் எழுகிற சத்தம் என் பக்கம் வராது. பவழக்கால் உள்ளான் நாற்பது, முட்டி அளவு. பச்சைக்கால் ஆறு, வயிறு அளவு. நான் எழுதிக்கொண்டே போகிறேன். ஏழு மணிக்குச் சற்று முன்னால் அவன் குரல் மாறியது.

"அண்ணாச்சி. நண்டுண்ணி. ஒண்ணு. கணுக்கால் அளவு."

உம் என்றேன். நண்டுண்ணி ஒன்று என்று எழுதி, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அவன் மேற்கொண்டு ஏதோ சொன்னான், அதற்கும் உம் கொட்டினேன். படம் எடுத்துக்கொண்டு வருகிறேன், இங்கேயே இரு என்று சொன்னானாம். என் காதில் அது விழுந்ததாக எனக்கு நினைவே இல்லை. உம் மட்டும் கொட்டியிருக்கிறேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை, பிறகு எண்ணிக்கை மறுபடி ஆரம்பித்தது. நெடுங்கால் உள்ளான் இருபத்திரண்டு, முட்டி அளவு. கடற்காகம் ஒன்பது. நாய் இரண்டு. ஏழு மணி ஆறு நிமிஷத்துக்கு, "ஆள் ஒன்று, முட்டி அளவு." கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் அங்கே வழக்கமாக இறங்குவார்கள், அவர்களில் ஒருவர் என்று நினைத்து எழுதினேன். ஆலா முப்பது. ஏழு பதினான்குக்கு, "ஆள் ஒன்று, தொடை அளவு." எழுதினேன். ஏழு இருபத்தொன்றுக்கு, "ஆள் ஒன்று, இடுப்பு அளவு." அதையும் எழுதினேன், எழுதும்போது எரிச்சலாக வந்தது. ஒரே ஆளை மூன்று தடவை எண்ணுவது பள்ளிக்கூடப் பையன் செய்கிற தப்பு, கௌதமன் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

அது கௌதமனின் குரல்தானா என்று கேட்பீர்கள். பத்தடிக்குப் பின்னால் அவன் நிற்கிறான், எண்ணிக்கை கேட்கிறது, வேறு யார் குரல் என்று நான் ஏன் யோசிக்க வேண்டும்? பிற்பாடு யோசித்ததில் ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது. அவன் கிளம்பிப் போன பிறகு கேட்டதில் ஓர் இடத்தில்கூட அண்ணாச்சி இல்லை.

அடுத்ததாகக் காதில் விழுந்தது, "ஆள், பூஜ்யம்."

எங்கள் வேலையில் பூஜ்யத்துக்கு ஒரு மரியாதை உண்டு. கட்டத்தைக் காலியாக விட்டால் நாங்கள் பார்க்கவில்லை என்று அர்த்தம். பூஜ்யம் போட்டால் நன்றாகத் தேடிப் பார்த்தோம், இல்லை என்று அர்த்தம். அதனால் கை பூஜ்யத்தை எழுதிவிட்டது, எழுதிய பிறகுதான் புத்திக்கு எட்டியது. ஒரு நிமிஷம் முன்னால் இடுப்பு அளவுக்கு நின்ற ஆள் எப்படி இல்லாமல் போவான்? சட்டத்தை மீறித் திரும்பினேன். "கௌதமா, இப்பத்தானே ஒண்ணுன்னு சொன்ன" என்று கேட்டுக்கொண்டேதான் திரும்பினேன். ஸ்கோப் நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை.

போய் ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். எதையும் திருப்பவோ சரிசெய்யவோ வேண்டியிருக்கவில்லை. வட்டத்துக்கு நடுவில், மூக்கு முழியெல்லாம் தெளிவாக, கௌதமன். எப்படியும் இருநூறு அடிக்கு மேல் தூரம், தொடைவரை சேற்றுக்குள் போயிருந்தான். கையைக் காலை அடிக்கவில்லை, கத்தவில்லை. அசையாமல் நின்று நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பேய் பயமெல்லாம் அப்போது வரவில்லை, அதற்கு நேரமும் இல்லை. தண்ணீர் ஏறுகிற நேரம் என்பது மட்டும் ஞாபகம் வந்தது, ஓடினேன்.

கரையோடு கொஞ்ச தூரம் ஓடினால் படகு கட்டுகிற இடம் வரும். தேசப்பன் என்று ஒரு மீனவர், பார்த்தால் தலையாட்டிக்கொள்கிற பழக்கம், வலையை உதறிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் முன்பே பலகை ஒன்றைத் தூக்கிப் படகில் போட்டார். நாங்கள் போய்ச் சேருவதற்குள் கௌதமன் இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டான், சுற்றிலும் தண்ணீர் வந்துவிட்டது. தேசப்பன் பலகையில் குப்புறப் படுத்து அவன் தோளைப் பிடித்தார்.

"துள்ளாத நைனா. மல்லாக்க சாஞ்சிக்கோ, ஈசிச்சேர்ல சாயற மாரி. கால மட்டும் மெதுவா ஆட்டு, தண்ணி கீய எறங்கட்டும்" என்றார். அவன் பேச்சு நின்றுவிடக்கூடாது என்றோ என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தார். "வூட்ல எத்தினி கொயந்த?"

"ரெண்டு பொண்ணு" என்றான் கௌதமன்.

"பெருசு இன்னா படிக்குது?"

"எட்டாவது."

நான் படகில் உட்கார்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது. ஒரு கால் வந்தது, வெகுநேரம் கழித்து இன்னொரு கால் வந்தது. கேமரா எப்போதோ போய்விட்டது. கரையேறியதும் தேசப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மேல பாத்தா கெட்டியாக் கீது, உள்ள வெறும் கூழு. நாங்களே அந்தாண்ட போவ மாட்டோம். அசையாம நின்னானே, அதான் பொயச்சான். இன்னும் ரெண்டு தபா துள்ளியிருந்தா குப்புறப் போயிருப்பான்" என்றார்.

சாலையோர டீக்கடையில் கௌதமனுக்குச் சாக்கைப் போர்த்தி உட்கார வைத்தோம். எப்படி அசையாமல் நின்றாய் என்று கேட்டேன்.

"மொதல்ல கத்தனேன் அண்ணாச்சி. தொண்ட கிழியக் கத்தனேன், துள்ளிகினு இருந்தேன். நீ திரும்பவே இல்ல. அப்பறம் பாத்தா ஸ்கோப்பாண்ட நின்னுகினு என்னியே பாத்துகினு கீற. சரி, அண்ணாச்சி பாத்துட்டாரு, இனிமே கவலை இல்லன்னு துள்றத வுட்டேன்."

"எவ்வளவு நேரம் நின்னேன்?"

"கால் மணி நேரம் இருக்கும்" என்றான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக, "ரொம்ப நேரம் நின்ன அண்ணாச்சி" என்றான்.

அரண்டு போயிருக்கிறான், ஆறட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நான் வாளியை விட்டு எழுந்து ஸ்கோப்பில் நின்றது ஒரு நிமிஷம்கூட இருக்காது.

அடுத்த வாரம் கடைக்கு வந்தான். குழுவில் பட்டியல் போடணும், நோட்டைக் கொடு என்றான். குக்கர் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தான். நண்டுண்ணிக்குப் பக்கத்தில் இருந்த கேள்விக்குறியைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தான். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ஆள் ஒன்று, முட்டி அளவு. ஆள் ஒன்று, தொடை அளவு. ஆள் ஒன்று, இடுப்பு அளவு. எல்லாம் என் கையெழுத்து, பக்கத்தில் மணி.

"என்னியப் பாத்து எழுதிகினே இருந்தியா அண்ணாச்சி?" என்றான்.

அந்த நோட்டை மூன்றாவது மனிதர் யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள் என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது. சொன்னேன், ஒன்று விடாமல் சொன்னேன். நான் வாளியில்தான் இருந்தேன், குரல் கேட்டது, எழுதினேன், கடைசியில் எழுந்து பார்த்தபோது ஸ்கோப்பில் யாரும் இல்லை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கடைப் பையன்கள் காதில் விழுகிறதே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

"நான் நண்டுண்ணின்னு சொன்னப்ப நீ இன்னா சொன்ன அண்ணாச்சி?"

"கோணமூக்குன்னு சொன்னேன்."

"ஏன்?"

"படம் இல்லன்னு."

"இதுக்கும் படம் இல்லியே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அவன் சேற்றில் இறங்கியதே என்னால்தான் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

இருந்தாலும் ஒன்று கேட்டேன். "கௌதமா, இடுப்புன்னு நான் எழுதினதுக்கு அப்புறம்தான் எழுந்து பார்த்தேன். அப்ப நீ தொடை அளவுதான் இருந்தே. இடுப்பு வரைக்கும் போனது நாங்க படகைக் கொண்டு வந்தப்ப. நான் பார்த்து எழுதியிருந்தா முன்னாடியே எப்படி எழுதுவேன்?"

"தூரத்துலேந்து பாத்தா ஆழம் கரீட்டாத் தெரியாது, நீயே சொல்லுவ" என்றான். ஆனால் விரல் நோட்டிலேயே இருந்தது. இடுப்பு அளவுக்குக் கீழே கடைசி வரிக்கு வந்தது. ஆள், பூஜ்யம். அதை வாய்விட்டுப் படித்தான், பிறகு பக்கத்தில் மணி போடுகிற இடத்தைத் தொட்டுக் காட்டினான்.

"இதுக்கு மணி போடலியே அண்ணாச்சி."

"எழுதினதும் எழுந்துட்டேன்" என்றேன்.

நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அந்தப் பட்டியலைக் குழுவில் போடவில்லை, யார் பார்த்தது என்று பெயர் எழுத வேண்டுமே, யார் பெயரை எழுதுவது? இப்போதும் சேர்ந்துதான் போகிறோம். புதிதாக வருகிறவர்களிடம் அண்ணாச்சிதான் ஸ்கோப்பில் பார்த்து என்னைக் காப்பாற்றினார் என்று அவனே சொல்லி என் தோளைத் தட்டுவான், அவர்களும் என்னைப் பெருமையாகப் பார்ப்பார்கள். ஷேர் ஆட்டோவில் நாங்கள் இருவர் மட்டும் திரும்பும்போது சில நாள், "அப்பவே வந்திருக்கலாம் இல்ல" என்பான். நான் வெளியே லாரிகளைப் பார்த்துக்கொண்டு வருவேன். நான் வேடிக்கை பார்த்தேன் என்று அவன் நினைப்பது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் அதோடுகூட இருந்துவிடலாம்.

அந்தப் பூஜ்யத்தோடுதான் இருக்க முடியவில்லை. இடுப்பு அளவு என்று நான் எழுதியது எழுதிய பிறகுதான் நடந்தது, பூஜ்யம் இன்னும் நடக்கவில்லை. அன்றைக்கே ஏழு இருபத்திரண்டு என்று போட்டிருந்தால் அது அந்தக் காலையோடு முடிந்திருக்கும். கௌதமனுக்கு ஒரு சின்னக் காய்ச்சல் என்றாலும், எடைமேடையில் இரவு வேலை என்றாலும் இப்போதெல்லாம் நான் இரண்டு தடவை போன் செய்துவிடுகிறேன், ஏன் என்று அவனிடம் சொன்னதில்லை. பேனாவை எடுத்து அந்த மணியை எழுதிவிடலாம் என்று எத்தனையோ தடவை நோட்டைத் திறந்திருக்கிறேன். நடந்ததற்குப் பின்னால் மணி போடுவது எங்கள் வழக்கம் இல்லை, நடக்கும்போதுதான் போட வேண்டும். அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.